சுகருக்கு மருந்தே இல்லாத காலத்தில் பாடம் நடத்திய டாக்டர்... யார் இந்த எலியட் ஜோஸ்லின்?

ஒரே தெரு. அடுத்தடுத்து மூன்று வீடுகள். அந்த வீடுகளில் ஒருவர் பின் ஒருவராகக் குடிவந்த குடும்பத் தலைவர்கள் மொத்தம் 7 பேர். 4 பெண்கள், 3 ஆண்கள். இவர்களில் ஒருவரைத் தவிர மற்ற 6 பேரும் ஒரே நோயால் இறந்துபோனார்கள்.

காலரா இல்லை, டைஃபாய்டும் இல்லை. சர்க்கரை நோய்.

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில், ஓர் அமைதியான கிராமத்தில் நடந்தது இது. 1921-ம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இதைப் பதிவு செய்தவர், பாஸ்டன் நகரைச் சேர்ந்த டாக்டர் எலியட் ஜோஸ்லின். இதே 6 பேர் டைஃபாய்டு போன்ற தொற்றுநோயில் இறந்திருந்தால் சுகாதாரத் துறையே அந்தத் தெருவில் வந்து இறங்கியிருக்கும். காரணம் தேடியிருப்பார்கள், இன்னொரு உயிர் போகாமல் தடுக்க வழி பார்த்திருப்பார்கள். ஆனால் செத்தது சுகரில் என்பதால் யாருமே கண்டுகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டார் ஜோஸ்லின்.

அப்போது இன்சுலின் கிடையாது. மாத்திரையும் கிடையாது. டாக்டர் கையில் இருந்தது இரண்டே விஷயம்தான். ஒன்று பத்தியம், இன்னொன்று பேச்சு. அந்தப் பேச்சையே வைத்தியமாக மாற்றியவர் ஜோஸ்லின்.

சாப்பாட்டைக் குறைங்க, வாக்கிங் போங்க, எடையைக் கட்டுப்படுத்துங்க... இன்று டிவியிலிருந்து வாட்ஸ்அப் வரை எல்லோரும் சொல்வதுதான். ஆனால் சொன்னால் மட்டும் நோய் குறையுமா? அவர் வாழ்க்கையைப் புரட்டிப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கிறது.

யார் இந்த ஜோஸ்லின்?

1869-ம் ஆண்டு ஜூன் 6-ம் தேதி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா காலணி தயாரிப்புத் தொழில் நடத்தியவர். வசதியான குடும்பம். யேல் கல்லூரியில் பட்டம் முடித்துவிட்டு ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். 1895-ல் டாக்டர் ஆனார்.

மாணவராக இருக்கும்போதே, 1893-ல், சர்க்கரை நோய் வந்த ஓர் இளம்பெண்ணை அவர் சந்தித்தார். அந்தப் பெண்ணைப் பற்றிய விவரங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தார். அங்கே தொடங்கிய பழக்கம் வாழ்நாள் முழுக்க விடவில்லை. பார்த்த ஒவ்வொரு சுகர் நோயாளிக்கும் ஒரு கணக்கு. என்ன வயது, என்ன எடை, எப்போது நோய் தெரிந்தது, என்ன சாப்பிட்டார், எத்தனை ஆண்டு வாழ்ந்தார், எதனால் இறந்தார். மளிகைக் கடைக்காரர் பற்று வரவு எழுதுவது போல வரிசையாக எழுதிக்கொண்டே போனார்.

1898-ல் பாஸ்டனில் சொந்தமாகப் பிராக்டீஸ் தொடங்கினார். ஒரே நோய்க்கு மட்டும் வைத்தியம் பார்க்கும் டாக்டர்கள் அன்று அபூர்வம். சுகருக்கு என்று தனி டாக்டரா என்று ஆச்சரியப்பட்ட காலம் அது.

அம்மாவுக்கே வந்த சுகர்

பிராக்டீஸ் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே அவரது அம்மாவுக்கு சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. உடல் பருமன் உள்ளவர். மகன் தன் நோட்டில் மற்ற நோயாளிகளைப் போலவே அம்மாவையும் பதிவு செய்தார்.

கூடவே பாடத்தையும் ஆரம்பித்தார். எதைச் சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம், எடை எவ்வளவு குறைய வேண்டும், எவ்வளவு நடக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அதை அன்றாடம் கடைப்பிடிக்க வைத்தார். நோய் தெரிந்த பிறகு அம்மா 10 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். மருந்தே இல்லாத காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லை.

வீட்டிலேயே பார்த்த இந்த அனுபவம் ஜோஸ்லினை விடாமல் துரத்தியது. டாக்டர் வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறைதான் நோயாளியைப் பார்க்கிறார். மற்ற நாளெல்லாம் சமையலறையில், சாப்பாட்டு மேஜையில், வேலை செய்யும் இடத்தில் முடிவு எடுப்பது நோயாளிதான். அப்படியானால் வைத்தியம் தெரிந்திருக்க வேண்டியது முதலில் யாருக்கு?

1000 பேரின் கணக்கு

1916-ல் சர்க்கரை நோய் சிகிச்சை பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். தான் நேரில் பார்த்த 1000 நோயாளிகளின் கணக்கு அதற்கு அடிப்படை. பத்தியமும் உடற்பயிற்சியும் ஒழுங்காகச் சேர்ந்த பிறகு இறப்பு சுமார் 20 சதவீதம் குறைந்தது என்பதுதான் அதில் கவனிக்க வேண்டிய செய்தி.

இரண்டே ஆண்டில், 1918-ல், இன்னொரு புத்தகம் வந்தது. இது டாக்டருக்கு மட்டுமல்ல, நோயாளிக்கும் சேர்த்து எழுதப்பட்ட கையேடு. மருத்துவப் புத்தகம் என்றால் டாக்டர் அலமாரியில் இருக்கும் பொருள் என்று நினைத்த காலத்தில், அதை நோயாளியின் வீட்டுக்கே அனுப்பி வைத்தார் ஜோஸ்லின்.

சிறுநீர் பரிசோதனையையும் நோயாளிகளே செய்யக் கற்றுக்கொடுத்தார். நீல நிறக் கரைசலில் சில சொட்டு சிறுநீர் விட்டுச் சூடாக்க வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம். நம் ஊரிலும் பழைய சுகர் நோயாளிகளுக்கு இந்த பெனடிக்ட் டெஸ்ட் நினைவிருக்கலாம். நேற்று சாப்பிட்டது இன்று நிறமாகத் தெரிந்தால், பாடம் தானாக மண்டையில் ஏறும் அல்லவா?

பாடத்தால் முடியாத ஒன்று

இங்கே ஒரு கசப்பான பக்கமும் உண்டு.

ஜோஸ்லினிடம் வந்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். இன்று டைப் 1 என்று சொல்கிறோமே, உடலில் இன்சுலினே சுரக்காமல் போகும் வகை, அது. இதற்கு உடல் பருமனோ சோம்பலோ காரணம் இல்லை. இன்சுலின் வருவதற்கு முன் இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளே உயிரோடு இருந்தார்கள்.

அன்று இருந்த ஒரே வழி, ஃபிரடெரிக் ஆலன் என்ற ஆய்வாளர் வகுத்த கடும் பத்தியம். சிறுநீரில் சர்க்கரை மறையும் வரை பட்டினி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, அளந்து அளந்து உணவு. ஜோஸ்லினும் இதைப் பின்பற்றினார். சில மாதங்கள், சிலருக்கு ஓரிரு ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்தன. ஆனால் அதற்கு விலையாக அந்தக் குழந்தைகள் எலும்பும் தோலுமாக ஆனார்கள்.

எவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தினாலும் இல்லாத இன்சுலினை அது கொண்டுவராது. இந்த உண்மையை ஜோஸ்லின் நோட்டுப் புத்தகத்தின் குழந்தைகள் பக்கங்கள் சொல்லின.

இன்சுலின் வந்தது... வேலை கூடியது

1921-ல் கனடாவின் டொரண்டோவில் ஃபிரடெரிக் பேண்டிங், சார்லஸ் பெஸ்ட் குழுவினர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் முதல்முறையாக ஒரு சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 7-ம் தேதி ஜோஸ்லின் தன் நோயாளிக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார். அந்த நோயாளி பாஸ்டனைச் சேர்ந்த ஒரு நர்ஸ். வெளியே நடமாடவே தெம்பில்லாமல் மெலிந்து கிடந்தவர், அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

மருந்து வந்துவிட்டது, இனி பாடம் எதற்கு என்று பலர் நினைத்திருப்பார்கள். நடந்தது நேர்மாறு. ஊசியை எப்படிக் கொதிக்க வைப்பது, எவ்வளவு மருந்து எடுப்பது, சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்னால் போடுவது, சர்க்கரை திடீரெனக் குறைந்தால் என்ன செய்வது... இதெல்லாம் தெரியாவிட்டால் உயிர் காக்கும் மருந்தே உயிரை எடுத்துவிடும்.

அதனால் ஜோஸ்லின் நர்ஸ்களைத் தயார் செய்தார். இவர்கள் நோயாளியின் வீட்டுக்கே போய், சமையலறையில் நின்று உணவை அளக்கவும் ஊசி போடவும் கற்றுக்கொடுத்தார்கள். இன்று பெரிய மருத்துவமனைகளில் நீரிழிவு கல்வியாளர் என்று ஒரு பணி இருக்கிறது. அதற்கு முன்னோடி இந்த நர்ஸ்கள்தான்.

உணவு, இன்சுலின், உடற்பயிற்சி மூன்றையும் ஒரு தேரை இழுக்கும் மூன்று குதிரைகளுக்கு ஒப்பிட்டார் ஜோஸ்லின். எந்தக் குதிரை படுத்தாலும் தேர் நகராது. தேரை ஓட்டுபவர் நோயாளி.

கால் விரலில் காத்திருந்த ஆபத்து

இன்சுலின் வந்த சில ஆண்டுகளில் ஜோஸ்லினின் கணக்குப் புத்தகம் புதிதாக ஒன்றைக் காட்டியது. சர்க்கரை ஏறி மயக்கமாகி இறப்பவர்கள் குறைந்துபோனார்கள். ஆனால் கூடுதல் காலம் வாழ்ந்தவர்களுக்கு இதயம், ரத்தக் குழாய், கால் என்று வேறு இடங்களில் பிரச்னை கிளம்பியது. காலில் புண் வந்து அழுகி, காலையே எடுக்க வேண்டிய நிலை.

1934-ல் இந்த ஆபத்தைப் பற்றித் தனியாகவே எழுதினார். அவர் பணியாற்றிய நியூ இங்கிலாந்து டீக்கனெஸ் மருத்துவமனையில் கால் பராமரிப்புக்கு என்றே தனிப் பிரிவு இயங்கியது. தினமும் காலைக் கழுவித் துடைப்பது, விரல் இடுக்கில் பார்ப்பது, நகத்தைக் கவனமாக வெட்டுவது, கடிக்கும் செருப்பைத் தவிர்ப்பது, வெந்நீர் ஒத்தடத்தில் எச்சரிக்கையாக இருப்பது என எல்லாமே பாடமானது.

இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை. ஆனால் தெரிந்திருக்க வேண்டும். உணர்ச்சி மரத்துப்போன காலில் முள் குத்தினால் வலிக்காது என்பது தெரியாதவர், அந்தக் காலைக் குனிந்து பார்க்கவும் மாட்டார்.

நோயாளிக்கு வகுப்பு, குழந்தைகளுக்கு கேம்ப்

1932-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஊரில் சுகர் உள்ள சிறுமிகளுக்காகக் கோடைக்கால முகாம் தொடங்கியது. அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவிய கிளாரா பார்ட்டன் பிறந்த இடம் அது. பிறகு சிறுவர்களுக்கும் தனி முகாம் வந்தது. நீச்சல், விளையாட்டு, கூடவே ஊசி போடும் பயிற்சி. பள்ளியில் தனக்கு மட்டும்தான் இந்த நோய் என்று ஒதுங்கி நின்ற குழந்தை, இங்கே வந்தால் சுற்றி இருக்கும் எல்லோருமே ஊசி போட்டுக்கொள்வதைப் பார்க்கும். பயம் பாதி அங்கேயே போய்விடும்.

பெரியவர்களுக்கு மருத்துவமனையிலேயே வகுப்புகள் நடந்தன. 1952-ல் அவரது மருத்துவக் குழு அதிகாரப்பூர்வமாக ஜோஸ்லின் கிளினிக் என்ற பெயரைப் பெற்றது. நீண்ட காலம் சுகரோடு வாழ்ந்தும் பாதிப்பு இல்லாமல் இருப்பவர்களுக்குப் பதக்கம் கொடுக்கும் வழக்கத்தையும் கொண்டுவந்தார். நோயாளியைப் பார்த்து பாவப்படும் ஊரில், அவரை வெற்றியாளராக மேடை ஏற்றினார்.

சொந்த ஊரில் சோதனை

1946-47-ல் அமெரிக்க பொதுச் சுகாதாரத் துறை ஒரு முழு ஊரையே சுகருக்காகப் பரிசோதிக்க முடிவு செய்தது. தேர்வான ஊர், ஜோஸ்லின் பிறந்த அதே ஆக்ஸ்ஃபோர்டு. சுமார் 5,000 பேர் வாழ்ந்த ஊரில் 3,516 பேருக்குப் பரிசோதனை நடந்தது.

மொத்தம் 70 பேருக்கு சர்க்கரை நோய். இதில் 40 பேருக்குத் தங்கள் நோய் முன்பே தெரியும். மீதி 30 பேருக்கு அன்றுதான் தெரிந்தது!

பாடம் யாருக்கு நடத்துவது என்பதே தெரியாமல் இருந்தால் எப்படி நடத்துவது? 1948 முதல் அமெரிக்க நீரிழிவு சங்கம் நாடு முழுக்க நோயைக் கண்டறியும் இயக்கத்தை நடத்தத் தொடங்கியது.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா?

இல்லை. 1940-களில் இன்னொரு தரப்பு டாக்டர்கள் எதிர்வாதம் வைத்தார்கள். இன்சுலின்தான் இருக்கிறதே, நோயாளி மற்றவர்களைப் போலச் சாப்பிடட்டும், சிறுநீரில் சர்க்கரை போனால் போகட்டும் என்பது அவர்கள் கட்சி. கண், சிறுநீரகப் பாதிப்பைக் கட்டுப்பாடு தடுக்கும் என்பதற்கு அன்று ஜோஸ்லினிடம் முழுமையான ஆதாரம் இல்லை என்பதும் உண்மை.

அவரது கண்டிப்பிலும் குறை இருந்தது. சொன்னபடி நடந்தும் சர்க்கரை குறையாதவர்கள், தப்பு தங்கள் மேல்தான் என்று குற்ற உணர்ச்சியில் தவித்தார்கள். இன்று நோயாளிக்குக் கற்றுக்கொடுப்பவர்கள் தவிர்க்கப் பார்ப்பது இந்தப் பழிசொல்லும் தொனியைத்தான்.

ஜோஸ்லின் கடைசிவரை தன் நிலைப்பாட்டை மாற்றவில்லை. வேலையையும் விடவில்லை. 1962 ஜனவரி 28-ம் தேதி, 92-வது வயதில் மறைந்தார்.

இறந்த பிறகு வந்த தீர்ப்பு

ஜோஸ்லின் மறைந்து 31 ஆண்டுகள் கழித்து, 1993-ல், டைப் 1 நோயாளிகள் 1,441 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண் பாதிப்பு வரும் வாய்ப்பு 76 சதவீதம் வரை குறைந்திருந்தது. கட்டுப்பாடு விஷயத்தில் ஜோஸ்லின் சொன்னது சரி என்றானது.

அடுத்த கேள்வி, 1921-ல் அந்தத் தெருவைப் பார்த்து அவர் கேட்டது. சுகர் வருவதையே தடுக்க முடியுமா?

2002-ல் அமெரிக்காவில் இதற்கு விடை வந்தது. டைப் 2 சுகர் வரும் நிலையில் இருந்த 3,234 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஆய்வு நடந்த மையங்களில் ஜோஸ்லின் பெயர் தாங்கிய மையமும் ஒன்று.

ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை. எழுதிய தாள் ஒன்று, ஆண்டுக்கு ஒருமுறை 20-30 நிமிடப் பேச்சு, அவ்வளவுதான். இன்னொரு பிரிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. மூன்றாவது பிரிவுக்கு 16 பாடங்கள், அதுவும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. எடையில் 7 சதவீதம் குறைக்க வேண்டும், வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது இலக்கு. முடியாதபோது ஏன் முடியவில்லை என்று கேட்டு வழி சொல்லும் ஆளும் உண்டு.

முடிவு என்ன? ஓர் ஆண்டில் 100 பேரில் அறிவுரை மட்டும் கேட்டவர்களில் சுமார் 11 பேருக்கு சுகர் வந்தது. மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 8 பேர். பாடம் படித்தவர்களில் சுமார் 5 பேர்தான். கணக்குப்படி மாத்திரை 31 சதவீதம் தடுத்தது, பாடம் 58 சதவீதம் தடுத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் பிரிவினருக்கும் விஷயம் தெரியும். சாப்பாட்டைக் குறைங்க, நடங்க என்று அவர்களுக்கும் சொல்லப்பட்டது. ஆனால் கூடவே வந்து பழக்கிவிட ஆள் இல்லை. வித்தியாசம் அங்கேதான்.

சென்னையில் என்ன நடந்தது?

அமெரிக்காவில் பலித்தது இங்கே பலிக்குமா என்று கேட்கலாம். அரிசிச் சோறு வேறு, உடல்வாகு வேறு. இதையும் சோதித்துப் பார்த்தார்கள், அதுவும் சென்னையில்.

டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நடத்திய இந்திய நீரிழிவு தடுப்பு ஆய்வு 2006-ல் வெளியானது. சுமார் இரண்டரை ஆண்டு தொடர்ந்து கவனித்ததில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு சுகர் வந்தது. உணவு, உடற்பயிற்சியில் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் அது 39 சதவீதமாகக் குறைந்தது. மெட்ஃபார்மின் கொடுத்த பிரிவிலும் ஏறக்குறைய இதே அளவு பலன்தான்.

இன்னொரு சுவாரஸ்யமான விஷயம். 2013-ல் இதே குழு, வேலைக்குச் செல்லும் ஆண்கள் 537 பேரிடம் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. ஒரு பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றி அடிக்கடி செல்போனில் குறுஞ்செய்தி போகும். இன்னொரு பாதிப் பேருக்கு தொடக்கத்தில் சொன்ன அறிவுரை மட்டும். இரண்டு ஆண்டு முடிவில் குறுஞ்செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கு சுகர் வந்தது. பெறாதவர்களில் 27 சதவீதம்.

ஒரு சின்ன மெசேஜ்தான். ஆனால் விடாமல் வந்துகொண்டே இருந்தது. ஜோஸ்லினின் நர்ஸ் வீடு தேடிப்போய்ச் செய்த வேலையில் கொஞ்சத்தை அந்த மெசேஜ் செய்தது.

இப்போது நம் நிலை?

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் - இந்தியாப் ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. அதற்கு முந்தைய கட்டத்தில் இருப்பவர்கள் சுமார் 13.6 கோடி பேர். பாடம் அதிகம் பலிக்கக்கூடிய கட்டம் இதுதான் என்பதை மேலே சொன்ன ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. ஆக்ஸ்ஃபோர்டில் அன்று தெரியாமலே இருந்த 30 பேரைப் போல.

100 ஆண்டுகளுக்கு முன் ஒரு தெருவில் 6 பேர் அடுத்தடுத்து இறந்தபோது யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இன்று நம் தெருவில் எத்தனை வீட்டில் சுகர் மாத்திரை டப்பா இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், அந்த டாக்டர் ஏன் அவ்வளவு கவலைப்பட்டார் என்பது புரியும். வீட்டில் ஒருவருக்கு சுகர் இருந்தாலோ, இடுப்புச் சுற்றளவு கூடிக்கொண்டே போனாலோ, ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். ரிசல்ட் கைக்கு வந்ததும் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, என்ன சாப்பிடக்கூடாது என்பதோடு முடிந்துவிடக் கூடாது. இதை எப்படித் தினமும் செய்வது, எங்கே தடுமாறினால் யாரைக் கேட்பது என்பதையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும்.